ரஜாய்க்கு எட்டு மாத விடுமுறை

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து குடித்தனம் தொடங்கும் குடும்பங்கள் முதல் குளிர்காலத்திலேயே வாங்கிவிடும் பொருள் ரஜாய். நம் அம்மாக்களும் பாட்டிமார்களும் நமக்கு எத்தனையோ சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். பட்டுப் புடவையை மடிப்பு மாற்றி வைப்பது, புளியை உப்புப் போட்டு ஜாடியில் அடைப்பது, இலவம்பஞ்சு மெத்தையை மாடியில் காயப் போடுவது எல்லாம் அவர்கள் நடத்திய பாடம்தான். ஆனால் 3 கிலோ பஞ்சு அடைத்த ரஜாயையும் கனத்த கம்பளியையும் மாதக் கணக்கில் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை. நீலகிரி, கொடைக்கானல்காரர்கள் நீங்கலாக, அவர்களுக்கு அந்த வேலையே இருந்ததில்லை.

பல ஆண்டுகள் மனையியல் கற்பித்தவள் என்ற முறையிலும், இந்த ஊரில் 30 குளிர்காலங்களுக்கு மேல் பார்த்தவள் என்ற முறையிலும், இதைப் பற்றி என்னிடம் கேட்காத புதுக்குடித்தனப் பெண் இல்லை. "மாமி, பெட்டியைத் திறந்தால் ஒரே வாடை", "போன வருஷம் வாங்கிய கம்பளியில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது", "எத்தனை பாச்சை உருண்டை போட வேண்டும்?" என்று கேட்பார்கள். எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. கடைசிக் கேள்விக்கான பதில் குழந்தைகளின் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஆகவே அந்தப் பகுதியை மட்டுமாவது எல்லோரும் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

எப்போது கெடுகிறது?

தில்லியில் ரஜாய் உழைப்பது நவம்பர் பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம். மீதி எட்டு மாதமும் அது பெட்டிக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அது கெடுவது உபயோகத்தால் அல்ல. இந்த எட்டு மாத ஓய்வில்தான்.

இந்த எட்டு மாதத்தில் மூன்று பருவங்கள் வந்து போகின்றன. மார்ச் முதல் ஜூன் பாதி வரை வறண்ட வெயில். மே மாதத்தில் பகல் வெப்பம் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. பிற்பகல் காற்றில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஜூன் கடைசியில் மழை வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. ஜூலை, ஆகஸ்டில் ஈரப்பதம் 80 சதவீதம் வரை ஏறி அப்படியே நிற்கும். செப்டம்பர் கடைசியில் மழை விலகியதும் அக்டோபரில் மறுபடி நல்ல உலர்ந்த வெயில்.

பஞ்சு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பொருள். சாதாரணமாக நல்ல நாளிலேயே அது தன் எடையில் சுமார் எட்டரை சதவீதம் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும். 3 கிலோ பஞ்சு உள்ள ரஜாய் என்றால் அதற்குள் எப்போதும் கால் லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று கணக்கு. மழைக்காலத்தில் இது இன்னும் கூடும். கம்பளி இதையும் மிஞ்சியது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும், தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. "தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது" என்று சொல்லிப் பெட்டியில் வைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

பூசணத்துக்கு வேண்டியவை இரண்டு: ஈரமும் உணவும். ஈரம் மழைக்காலத்தில் தானாக வருகிறது. உணவை நாமே வைத்துக் கொடுக்கிறோம். நான்கு மாதத்து வியர்வை, தலையில் தடவிய தேங்காய் எண்ணெய், குழந்தை கொட்டிய பால், உதிர்ந்த தோல் எல்லாம் அதற்கு விருந்து. அந்துப்பூச்சிக்கும் அழுக்குக் கம்பளி என்றால்தான் ஆசை அதிகம். ஆகவே முழுப் பாடத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அழுக்கும் ஈரமும் இல்லாமல் உள்ளே போனது, கெடாமல் வெளியே வரும். பெட்டிக்குள் எதைத் தூவினாலும் இந்த இரண்டுக்கும் அது ஈடாகாது.

உங்கள் பெட்டியில் இருப்பது எது?

எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் செய்வதால் பாதித் தொல்லை வருகிறது. குளிர்காலப் படுக்கையில் மூன்று ஜாதி உண்டு. ஒவ்வொன்றுக்கும் பகை வேறு.

முதலாவது, பருத்திப் பஞ்சு ரஜாய். ஜெய்ப்பூர் மெல்லிய ரஜாயும் இதில்தான் சேரும். இதன் பகை ஈரம், பூசணம், எலி, துணியை அரிக்கும் ராமபாணப் பூச்சி. அந்துப்பூச்சி பஞ்சைத் தின்று வாழாது.

இரண்டாவது, ஆட்டு ரோமக் கம்பளி. இதன் முதல் பகை அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி ஒன்றும் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் வெள்ளைப் புழுதான் ரோமத்தைத் தின்று ஓட்டை போடுகிறது. நம் தலைமுடியும் நகமும் எந்தப் புரதத்தால் ஆனவையோ அதே வகைப் புரதத்தால் ஆனது கம்பளி. அதைச் செரிக்கும் சக்தி இந்தப் புழுவுக்கு உண்டு.

மூன்றாவது, 'மிங்க்' என்று கடைகளில் விற்கும் வழவழப்பான போர்வைகளும் பாலியெஸ்டர் அடைத்த மெத்தைப் போர்வைகளும். இவை செயற்கை இழை. பூச்சி தின்னாது, ஈரமும் அதிகம் குடிக்காது. இவற்றின் பகை தூசும் சூடும் மட்டுமே.

எது எந்த ஜாதி என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, அடுப்படித் தொட்டிக்கு மேலாகக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும் கரி மிஞ்சினால் கம்பளி. காகிதம் எரிவது போல் எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணி போல் உருண்டால் செயற்கை இழை. பானிப்பட்டில் பழைய துணிகளை அரைத்து நூற்றுச் செய்யும் கம்பளிகளில் எல்லாம் கலந்திருக்கும். அவற்றைக் கம்பளியாகவே நினைத்துப் பாதுகாப்பது நல்லது.

எப்போது தொடங்குவது?

நம் நாட்காட்டியிலேயே இதற்கு இரண்டு அடையாள நாட்கள் இருக்கின்றன. மார்ச் பாதியில் காரடையான் நோன்பு. ஏப்ரல் பாதியில் தமிழ்ப் புத்தாண்டு. இடையில் உள்ள இந்த ஒரு மாதம்தான் சரியான காலம். அதற்கு முன்னால் கட்டிவைத்தால் ஹோலியை ஒட்டி ஒரு மழை பெய்து குளிர் திரும்பும்போது மறுபடி அவிழ்க்க வேண்டி வரும். பின்னால் தள்ளிப்போட்டால் 'ஆந்தி' என்னும் புழுதிக் காற்றுக் காலம் வந்துவிடும். காயப் போட்டது அத்தனையிலும் மண் ஏறும்.

ரஜாய்: துவைக்காமல் சுத்தம் செய்வது

பஞ்சு ரஜாயைத் தண்ணீரில் போடக் கூடாது. பஞ்சு நனைந்தால் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். உள்ளே காயவும் காயாது. மேலே காய்ந்து நடுவில் ஈரம் நின்றால் அதுவே பூசணத்துக்கு வாசல். ஆகவே ரஜாய்க்கு எப்போதும் கழற்றித் துவைக்கக்கூடிய ஓர் உறை போட்டே உபயோகியுங்கள். உறையை மட்டும் வெந்நீரில் துவைக்கலாம். வீட்டில் ஆஸ்த்மா, தும்மல் தொல்லை உள்ளவர்கள் இருந்தால் 60 டிகிரி சூட்டில் துவைப்பது, கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளைக் கொல்லும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு தனி யோசனை: நாம் தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள். ரஜாயின் தலைமாட்டு ஓரத்தில் எண்ணெய் இறங்கிச் சிக்கு வாடை அடிப்பது அதனால்தான். பழைய வேஷ்டியிலிருந்து ஒரு முழ அகலத்துக்குப் பட்டை கிழித்து, தலைமாட்டில் இரு பக்கமும் மடித்துப் பெரிய தையலாகத் தைத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை பிரித்துத் துவைத்துத் திரும்பத் தைக்கலாம். எது தலைமாடு எது கால்மாடு என்ற சந்தேகமும் தீரும்.

கறை பட்ட இடத்தை மட்டும் மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். குழந்தை நனைத்துவிட்டால் உடனே இரு பக்கமும் காய்ந்த துண்டை வைத்து அழுத்தி, அன்றைக்கே வெயிலில் போடுங்கள். பஞ்சு முழுக்க நனைந்து நாற்றம் தங்கிவிட்டால் உறையைப் பிரித்துப் பஞ்சைக் காயவைத்து, பஞ்சு கொட்டுபவரிடம் கொடுப்பதுதான் வழி.

வெயிலில் போடும் முறை இது. முற்பகல் 10 மணி முதல் 3 மணி வரை, மூன்று நாட்கள். வெறும் தரையில் விரிப்பதைவிடக் கயிற்றுக் கட்டிலில் போட்டால் அடியிலும் காற்று ஓடும். பால்கனிக் கம்பியில் போடுவதானால் முதலில் கம்பியை ஈரத் துணியால் துடைத்துப் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை அதன்மேல் போடுங்கள். துருக் கறையும் புறா எச்சமும் பிறகு போகவே போகாது. இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுங்கள். மெல்லிய பிரம்பால் லேசாகத் தட்டினால் போதும். ஓங்கி அடித்தால் உள்ளே தைத்த நூல் அறுந்து பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். தட்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். வெயில் தூசி உண்ணிகளை ஒடுக்குமே தவிர, அவை விட்டுச் சென்ற கழிவு பஞ்சிலேயே இருக்கும். மூச்சுத் தொல்லையைக் கிளப்புவது அந்தக் கழிவுதான். தட்டி வெளியேற்றினால்தான் அது குறையும். ஆஸ்த்மா உள்ளவரிடம் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள்.

மாலையில் பனியோ ஈரக் காற்றோ படும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். மூன்றாம் நாள் வெயிலிலிருந்து எடுத்ததும் சுடச்சுடப் பெட்டியில் திணிக்காதீர்கள். அறைக்குள் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு வைத்தால், பஞ்சிலிருந்து கிளம்பும் ஆவி இரவில் இரும்புப் பெட்டியின் சுவரில் குளிர்ந்து வியர்த்துவிடும். ஆறியதும் அன்றைக்கே கட்டிவையுங்கள்.

மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பஞ்சு கட்டி தட்டிப்போகும். அப்போது கொட்டி வாங்க வேண்டும். வில்லோடு தெருவில் வந்தவர்களின் இடத்தில் இப்போது பெரும்பாலும் இயந்திரக் கடைகள். எப்படி ஆனாலும் எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்குங்கள். தூசி போன அளவுக்குச் சற்றுக் குறைவது இயல்பு. பஞ்சு கொட்ட நல்ல சமயம் அக்டோபர். மார்ச்சில் கொட்டினால் பெட்டிக்குள் எட்டு மாதம் அமுங்கி அந்த மென்மை வீணாகும்.

கம்பளி: தலைமுடி போல் கையாளுங்கள்

முதலில் ஓரத்தில் தைத்திருக்கும் குறிப்பைப் பாருங்கள். 'டிரை கிளீன்' மட்டும் என்று போட்டிருந்தால் சலவைக் கடைக்கே கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் அவர்கள் போட்டுத் தரும் பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு, கரைப்பானின் வாடை போகும் வரை நிழலில் காற்றாட விட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள்.

வீட்டில் துவைக்கலாம் என்றிருந்தால் நமக்குத் தெரிந்த பூந்திக் கொட்டையே சிறந்தது. இங்கே 'ரீட்டா' என்று கேட்டால் மளிகைக் கடையில் கிடைக்கும். இரண்டு கைப்பிடி கொட்டையை உடைத்து விதை நீக்கி, இரவு ஊறவைத்துக் காலையில் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். கம்பளித் துணிக்கென்று விற்கும் திரவ சோப்பும் போதுமானது. தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்கட்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் ஊறவிடாமல், கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். கசக்குவது, கல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது மூன்றும் கூடாது. அலசும் தண்ணீரும் அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும்.

காரணம் இதுதான். ஒவ்வொரு ரோமத்தின் மேலும் ஓடு வேய்ந்தது போல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரும் சோடாவும் அவற்றை விரிய வைக்கும். அப்போது கசக்கினால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும். துவைத்த கம்பளி சுருங்கிக் கெட்டியாகப் பலகை போல் ஆவதும், பிறகு அது மீளாததும் இதனால்தான். வெள்ளையாக்கும் பிளீச்சிங் திரவம் இன்னும் மோசம். அது கம்பளி இழையையே கரைத்துவிடும்.

துவைத்த கம்பளியைப் பெரிய துண்டின் மேல் விரித்துப் பாய் சுருட்டுவது போல் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். பிறகு கயிற்றுக் கட்டிலில் விரிப்பின் மேல் நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர் கனத்தில் நீண்டு கோணும். நன்றாகக் காய்ந்த பின் ஒரு நாள் வெயில் காட்டி, மடிப்புகளையும் ஓரத் தையலையும் துணி பிரஷ்ஷால் தேயுங்கள். புழுவும் முட்டையும் ஒளிந்திருப்பது அந்த இடுக்குகளில்தான்.

மிங்க் போர்வைகளுக்கு இத்தனை பாடு இல்லை. குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் காயவைத்தால் போதும். வெந்நீரும் இஸ்திரிப் பெட்டியும் அதன் பளபளப்பைக் கருக்கிவிடும். வீட்டு இயந்திரத்தில் போடுவதானால் நனைந்த போர்வையின் கனத்தை அது தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்படி வைப்பது?

ரஜாயையும் கம்பளியையும் முதலில் துவைத்த பழைய பருத்திப் புடவையிலோ வேஷ்டியிலோ மூட்டையாகக் கட்டுங்கள். பருத்தித் துணி காற்றை விடும், தூசியை விடாது. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவது செயற்கைப் போர்வைக்குச் சரி. பஞ்சுக்கும் கம்பளிக்கும் அது ஆகாது. உள்ளே மிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றும். காற்றை உறிஞ்சி அமுக்கும் பைகளும் அப்படியே. பஞ்சை எட்டு மாதம் அமுக்கி வைத்தால் அது அப்பளமாகிவிடும்.

டிரங்குப் பெட்டியானால் உட்புறத் துருவைத் தேய்த்துத் துடைத்துக் காயவைத்து, செய்தித்தாள் பரப்பி, அதன் மேல் வெள்ளைத் துணி விரியுங்கள். தாளின் மை துணியில் ஒட்டாமலிருக்கும். கனமானது அடியில், ஜெய்ப்பூர் ரஜாய் மேலே. அதை மடிக்காமல் சுருட்டி வைப்பது உத்தமம். பெட்டியைத் தரையில் நேரே வைக்காமல் நான்கு செங்கல் மேல் வையுங்கள். தரைத்தளக் குடியிருப்புகளில், இங்கே 'சீலன்' என்று சொல்லும் சுவர் ஓதம் மழைக்காலத்தில் ஏறும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைப்பது நல்லது.

மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டி, உள்ளே இருப்பது என்ன, வைத்த தேதி எது, பூச்சி மருந்து ஏதும் போட்டிருக்கிறதா என்று எழுதிவிடுங்கள். அடுத்த பகுதியைப் படித்தால் மூன்றாவது விவரம் ஏன் வேண்டும் என்பது புரியும்.

பாச்சை உருண்டை: கட்டாயம் படிக்கவும்

பாச்சை உருண்டை என்று நாம் சொல்லும் நாஃப்தலின், ஆவியாகிப் பூச்சியைக் கொல்லும் நஞ்சு. அந்துப்பூச்சி வரக்கூடிய கம்பளிக்கு மட்டுமே அதற்கு ஏதாவது வேலை உண்டு. பஞ்சு ரஜாய்க்கும் மிங்க் போர்வைக்கும் அதைப் போடுவது வீண். அது பூசணத்தைத் தடுக்கும் என்று நம்பி யாரும் போட வேண்டாம். ஈரத்தைப் போக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் ஜனவரிக் குளிரில் குழந்தை பிறந்தது. ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தார். முதல் குழந்தைக்கு வாங்கிய சின்னக் கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தைக்குச் சுற்றினார்கள். இரண்டு மூன்று நாளில் குழந்தையின் கண்ணும் உடம்பும் மஞ்சளாகி, பால் குடிக்காமல் துவண்டுவிட்டது. மருத்துவமனையில் டாக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று: "குழந்தைக்குப் போர்த்திய துணியில் பாச்சை உருண்டை வாடை இருந்ததா?" இருந்தது. குழந்தை நல்லபடியாக வீடு திரும்பியது. ஆனால் அந்தக் கேள்வியை அதுவரை எங்களில் யாரும் கேட்டுக்கொண்டதே இல்லை.

இதன் பின்னுள்ள விஷயம் இது. ஜி-6-பி-டி என்னும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம் வெளிப்படும். நம் நாட்டிலும் இந்தக் குறை உள்ளவர்கள் உண்டு. பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இவர்கள் உடம்பில் நாஃப்தலின் சேர்ந்தால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைகின்றன. பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை மிக வேகமாக ஏறி மூளையைப் பாதிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். உருண்டையோடு வைத்திருந்த துணியையும் கம்பளியையும் போர்த்தியே இப்படி நேர்ந்தது உலகில் பல இடங்களில் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. எண்ணெய் தடவிய தோல் வழியே நாஃப்தலின் இன்னும் எளிதாக உள்ளே போகும். குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் செய்யும் நம் வீடுகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே சில விதிகள்:

1. கைக்குழந்தைக்கு உபயோகிக்கும் எந்தத் துணியிலும் போர்வையிலும் பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். குழந்தை பிறக்கவிருக்கும் வீட்டில் அதற்கு வேண்டியவற்றைத் தனிப் பெட்டியில் வையுங்கள்.

2. 'பாக்ஸ் பெட்' என்னும் பெட்டிக் கட்டிலுக்குள் உருண்டை போடாதீர்கள். அதன் மேல்தான் வீடே படுத்துத் தூங்குகிறது. எட்டு மாதம் இரவு முழுவதும் அந்த ஆவியைச் சுவாசிப்பது பெரியவர்களுக்கும் நல்லதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002இல் நாஃப்தலினைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள்களில் சேர்த்திருக்கிறது.

3. பூஜைக் கற்பூரத்தையும் பாச்சை உருண்டையையும் ஒரே பெட்டியில் சேர்த்துப் போடாதீர்கள். நாஃப்தலின் தனியே 80 டிகிரியிலும், கற்பூரம் தனியே 175 டிகிரிக்கு மேலும்தான் உருகும். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தால் தில்லியின் மே மாத வெப்பமே அவற்றைக் கசிய வைக்கப் போதும். எண்ணெய்க் கறை போல் துணியில் இறங்கிவிடும்.

4. கற்பூரமும் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும். எதை விழுங்கியிருந்தாலும் வாந்தி எடுக்க வைக்காமல், பாலோ எண்ணெயோ புகட்டாமல், மருந்துப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

5. பெரியவர்கள் உபயோகிக்கும் கம்பளிக்குப் போட்டே ஆக வேண்டுமென்றால், படுக்கையறைக்கு வெளியே உள்ள, நன்றாக மூடும் பெட்டியில், பொட்டலத்தில் சொன்ன அளவு மட்டும் துணியில் முடிந்து மேலாக வையுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலிருந்து கீழே இறங்கும். எடுத்தபின் இரண்டு மூன்று நாள் வெயிலும் காற்றும் பட்டு வாடை அறவே போன பிறகே போர்த்துங்கள்.

உருண்டைக்குப் பதில் என்ன? நன்றாகத் துவைத்து, வெயில் காட்டி, பிரஷ் போட்டு, இடைவெளியில்லாத பருத்தி மூட்டையில் கட்டிய கம்பளிக்குப் பெரும்பாலும் ஒன்றுமே வேண்டியதில்லை. நிழலில் சருகாகக் காயவைத்த வேப்பிலையும், தட்டிய வசம்பும் மெல்லிய துணிப்பையில் போட்டு வைக்கலாம். நம் பாட்டிமார் பட்டுக்குச் செய்ததுதான். ஆனால் இவை பூச்சி வராமல் ஓரளவு விரட்டுமே தவிர, ஏற்கெனவே உள்ள முட்டையைக் கொல்லாது. பச்சை வேப்பிலையை அப்படியே போட்டால் அதன் ஈரமே கெடுதல்.

கோடை விடுமுறையும் கொலுவும்

பள்ளி விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறும் குடும்பங்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். பூட்டிய வீட்டில் கட்டிலின் மேல் மடித்துக் கிடக்கும் ரஜாய், ஜூலையில் நீங்கள் திரும்பும்போது முதல் மழையின் ஈரத்தைக் குடித்திருக்கும்.

மழைக்காலத்தில் பெட்டியை அடிக்கடி திறக்க வேண்டாம்; திறக்கும்போதெல்லாம் ஈரக் காற்று உள்ளே போகிறது. நன்றாக வெயில் அடிக்கும் ஒரு பிற்பகலில் ஒரு முறை திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை தெரிந்தால் அப்போதே எடுத்து உலர்த்துங்கள். பூசணப் புள்ளி தெரிந்தால் வீட்டுக்குள் உதறாமல் வெளியே கொண்டுபோய் பிரஷ் போடுங்கள்.

நவராத்திரிக்குக் கொலுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும் வீடுகளில் அதுவே இரண்டாவது அடையாள நாள். மழை விலகியிருந்தால் அந்த வாரம் ரஜாய்ப் பெட்டியையும் திறந்துவிடுங்கள். அக்டோபர் வெயிலில் இரண்டு நாள் காய்ந்து, தட்டி, மடிப்பு மாற்றி வைத்தால், தீபாவளி கழிந்து முதல் குளிர் அடிக்கும் இரவில் தும்மாமல் தூங்கலாம். பெட்டியிலிருந்து நேரே கட்டிலுக்கு வரும் ரஜாய்தான் நவம்பர் மாதத்து இழுப்புக்கும் இருமலுக்கும் பல வீடுகளில் துணை போகிறது.

ஓய்வு பெற்றுச் சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலோரக் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் உண்டு. தில்லியின் ஏப்ரல் போல் வறண்ட மாதம் அங்கே கிடையாது. பஞ்சு ரஜாயை ஞாபகார்த்தமாக எடுத்துப் போனால் ஓரிரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும். குளிர்பதன ரயில் பெட்டிக்கு உதவும் மெல்லிய போர்வை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை நன்றாக உலர்த்தித் தில்லியிலேயே குளிரில் வாடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

நினைவில் கொள்ள

மார்ச் பாதி முதல் ஏப்ரல் பாதி வரை: உறை துவைத்தல், கறை நீக்கல், மூன்று நாள் வெயில், ஆறவிட்டுக் கட்டுதல்.

மே, ஜூன்: பெட்டியின் இடம், செங்கல், சுவர் ஓதம் பார்த்தல்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: நல்ல வெயில் நாளில் ஒரே ஒரு முறை முகர்ந்து பார்த்தல்.

அக்டோபர்: இரண்டு நாள் வெயில், தேவையானால் பஞ்சு கொட்டுதல்.

கைக்குழந்தை உள்ள வீடு: எந்த மாதமானாலும் பாச்சை உருண்டை கூடாது.

உங்கள் மாடிப்படியில் இந்த ஆண்டு புதிதாகக் குடிவந்திருக்கும் நம் ஊர்ப் பெண் இருந்தால், கடைசி வரியை மட்டுமாவது இன்றைக்கே அவள் காதில் போட்டுவிடுங்கள்.